யாரும் சாகாத அத்தியாயங்கள்

திருப்பதி,
7.9.2025

அன்புள்ள ஷோபா அக்காவுக்கு,

யாமினி எழுதுகிறேன். இங்கே நான், ரோஜா, என் மாமியார் மூவரும் சுகம். சித்தூரில் நீயும் மாமாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று உறையைப் பார்த்ததும் பயந்திருப்பாய். பயந்தது சரிதான்.

சுதீர் வேலை செய்கிற கப்பலைக் கொள்ளைக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். போன மாதம் முப்பதாம் தேதி, சோமாலியாக் கரைக்கு அப்பால். அவனைக் கப்பலுக்கு அனுப்பிய சென்னை ஆபீசிலிருந்து ரகு என்று ஒருவர் திங்கட்கிழமை கூப்பிட்டுச் சொன்னார். ரோஜாவை விடப்போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தேன். "எல்லாரும் பத்திரம்மா. பேச்சுவார்த்தை நடக்குது. பத்திரிகைக்காரங்க கேட்டா ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். சரி சார் என்றேன். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் கறிவேப்பிலை வாங்கினேன். எப்படி வாங்கினேன் என்று இன்றைக்கும் புரியவில்லை.

அத்தைக்குச் சொல்லவில்லை. ஜூன் மாதம் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தது உனக்குத் தெரியும். திடீரென்று எதையும் சொல்லி அதிரவைத்துவிடாதே என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளுக்குச் சுதீர் ஒரே பிள்ளை. கப்பலில் சிக்னல் இல்லை, டவர் இல்லாத கடல் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்னோடு போனில் பேச வழியில்லை. இரண்டு அறை வீடு. நான் குரலைத் தாழ்த்தினால் அத்தை டி.வி. சத்தத்தைத் தாழ்த்துகிறாள். தெருவில் நின்று கூப்பிட்டாலும் உன் குரலைக் கேட்டதும் அழுதுவிடுவேன்; கொஞ்ச நாள் நீயும் கூப்பிடாதே. மெசேஜ் அனுப்பினால் ரோஜா இருக்கிறாள். ஏழு வயதில், வருகிற மெசேஜைப் போனே வாய்விட்டு வாசிக்கும்படி செய்யக் கற்றுக்கொண்டுவிட்டாள். எல்லாவற்றையும் தன் ஆயாவுக்கு, அதாவது அத்தைக்கு, கேட்க வைப்பதுதான் விளையாட்டு. காகிதம் என்றால் பயமில்லை. நீயும் நானும் நகரியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அத்தை வடமாலபேட்டையில் ஐந்தாவது வரை தெலுங்கு. ரோஜாவுக்குத் தெலுங்கும் இங்கிலீஷும். நாள் முழுக்கத் தமிழ் பேசுகிற இந்த வீட்டில் தமிழ் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். உன் கடிதத்தை மேசைமேல் திறந்து வைத்துவிட்டே சமைக்கப் போகலாம்.

ஒரு உதவி. உன் நூலகத்திலிருந்து நீ கொடுத்த ராஜா கதையின் முதல் பாகம் முடியப்போகிறது. தினமும் சாப்பிட்டு முடித்ததும், "எடு அந்த ராஜாவை" என்று கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள் அத்தை. தலை உருண்டால் அவளுக்கு உற்சாகம். "வெட்டட்டும், துரோகிக்கு இன்னா மரியாதை" என்பாள். இப்போது நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். இரண்டாம் பாகம் அனுப்பு.

மாமாவுக்கு மட்டும் சொல்.

உன்
யாமினி


சித்தூர்,
12.9.2025

அன்புத் தங்கை யாமினிக்கு,

உன் கடிதத்தை நூலகத்தில் வைத்தே படித்தேன். படித்துவிட்டு, புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்த ஒருவரை வெகுநேரம் நிற்க வைத்துவிட்டேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்பதைத் தவிர என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

மாமா தனக்குத் தெரிந்த ஒரு கப்பல்காரரைக் கேட்டார். பிடித்தவர்கள் ஆட்களைச் சாதாரணமாக ஒன்றும் செய்யமாட்டார்களாம். பணம்தான் அவர்களுக்கு வேண்டியது, ஆனால் நாளாகுமாம். எத்தனை நாள் என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றிவிட்டாராம். மாமா இதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம். நானும் உனக்கு எழுதியிருக்க வேண்டாம்.

நீ அத்தையிடம் சொல்லாதது சரி. அவள் உடம்பு தாங்காது.

இரண்டாம் பாகம் பஸ் பார்சலில் வருகிறது. ஒன்று சொல்ல வேண்டும். முதல் பாகம் அரண்மனைச் சூழ்ச்சி, இது அப்படியில்லை. முப்பதாவது பக்கத்தில் சோழர் படை நாகப்பட்டினத்தில் கப்பலேறுகிறது. அப்புறம் புத்தகம் முழுக்கக் கடல்தான். எழுதினவர் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. வேறு புத்தகம் தேடினேன். எங்கள் தமிழ் அலமாரியில் அத்தைக்குப் பிடிக்கிற மாதிரி எதுவும் இல்லை. பார்த்துப் படி.

போன் எப்போதும் சார்ஜில் இருக்கட்டும்.

உன் அக்கா
ஷோபா


திருப்பதி,
23.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகம் வந்தது. நாங்கள் மூவரும் இருக்கிறோம். ரோஜாவுக்கு ஆகஸ்ட் மாதம் ஆடத் தொடங்கிய முன்பல் இன்னும் விழவில்லை. நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

நான் செய்கிற ஒரு காரியத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். போன வியாழக்கிழமை படிக்கும்போது கப்பல்கள் ஒரு குறுகிய நீரிணைக்குள் நுழைந்தன. எதிரிகள் எண்ணெய் ஊற்றிய படகுகளைக் கொளுத்தி நீரோட்டத்தில் தள்ளிவிடுகிறார்கள். துடுப்பு வலிக்கிறவர்கள் கீழ்த்தட்டில் இருக்கிறார்கள், தீ மேலே இருக்கிறது. ஒரு பத்தி படித்தேன். அடுத்த பத்தியின் முதல் வரியைக் கண்ணால் பார்த்துவிட்டேன். சுதீருக்கு எஞ்சின் ரூம் வேலை. அதுவும் கீழ்த்தட்டுதான்.

அத்தை, "இன்னா நிறுத்திட்ட?" என்றாள்.

என் வாயில் மழை என்று வந்தது. "அந்த நேரம் பார்த்துப் பெருமழை பிடித்தது. தீப்படகுகள் அணைந்து கரிக்கட்டைகளாக மிதந்தன. சோழ வீரர்கள் சிரித்தார்கள்" என்று படித்தேன். புத்தகத்தில் அப்படி ஒரு எழுத்தும் இல்லை. மூன்று தாள்களைச் சேர்த்துத் தள்ளிவிட்டேன்.

"நல்ல வேளை மழை வந்துது" என்றாள் அத்தை. பாக்கைக் கடித்துக்கொண்டு, "ராஜாவுக்குச் சாமி துணை இருக்குது" என்றாள்.

அன்று முதல் தினமும் இப்படித்தான். காலையில் அவள் குளிக்கும் நேரம் அன்றைய பக்கங்களைப் பார்த்து, எங்கே திருப்ப வேண்டும் என்று யோசித்து வைத்துக்கொள்கிறேன். பி.எஸ்சி. கணிதம் படித்தவள் கதை கட்டுகிறேன். ஒருநாள் எதிரிப் படைத்தலைவனை மனம் மாறவைத்துச் சமாதானம் செய்துவிட்டேன். மறுநாள் அதே ஆள் வாளோடு வருகிறான். அவனுக்கு ஒரு தம்பியை உண்டாக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் நடக்கிறது. சின்ன வயதில் இந்த மாதிரிக் கதை படிக்கும்போது நாம் எப்போதும் கப்பலேறிப் போகிறவர்கள் பக்கம் இருந்தோம். ராஜா துறைமுகத்தைக் கொளுத்தினால் நமக்குப் பெருமை. இப்போது அவன் ஒரு வணிகக் கப்பலை வளைத்துப் பிடிக்கிற இடத்தில், பிடிபட்ட கப்பலில் இருப்பவர்களைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு வரியில் முடிந்துவிடுகிறார்கள்.

ரகுவைத் தினமும் கூப்பிடுகிறேன். "சொல்றோம்மா" என்கிறார்.

யாமினி


திருப்பதி,
8.10.2025

அன்புள்ள அக்கா,

என் போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லையோ? தபாலில் தொலைந்ததோ? உனக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு வரி எழுது.

சுதீர் பேசினான். வெள்ளிக்கிழமை மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது ஒரு நீளமான எண்ணிலிருந்து போன் வந்தது. முழுசாக ஒரு நிமிடம் இல்லை. பின்னால் யாரோ கத்திக்கொண்டே இருந்தான். "யாமினி, நான் நல்லா இருக்கறேன். ரோஜாவுக்குப் பல்லு விழுந்துதா?" என்றான். விழுந்தது என்றேன். "எந்தப் பல்லு?" என்றான். சொல்வதற்குள் நின்றுவிட்டது.

ஐந்து நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்த அரை நிமிடத்தில் ஒருவன் பல்லைக் கேட்பான் என்றால் ஒன்று, சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை. அல்லது சொல்லவிடாமல் துப்பாக்கியோடு ஒருவன் பக்கத்தில் நிற்கிறான். குரல் அவன் குரல்தான். ஆனால் தண்ணீரே குடிக்காதவன் பேசுகிற மாதிரி இருந்தது.

கீழே வந்ததும் அத்தை, "மேல இன்னா அவ்ளோ நேரம்?" என்றாள். குரங்கு வந்தது என்றேன். "குரங்கோட பேசிக்கினு இருந்தியா?" என்றாள். சிரித்தேன். சிரித்த பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

தெலுங்குப் பேப்பரை நிறுத்திவிட்டேன். உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வந்திருந்தது, கப்பல் பெயரோடு. பேப்பர்க்காரன் சரியாகப் போடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். செய்திச் சேனல்கள் ரோஜா எதையோ அழுத்தியதில் போய்விட்டன என்றும் சொல்லிவிட்டேன். பொய்கள் எங்கே எது இருக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்வதே பெரிய வேலையாக இருக்கிறது.

புத்தகத்தில் மூன்று கடற்போர் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் காயமில்லை.

பதில் போடு அக்கா.

யாமினி


சித்தூர்,
11.10.2025

யாமினி,

கோபித்துக்கொள்ளாதே. சின்னவனுக்கு வைரல் காய்ச்சல், ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். இப்போது இட்லி தின்கிறான். உனக்கு இருக்கிற கவலையில் இதையும் சேர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நாமெல்லோரும் இப்படித்தான் போலிருக்கிறது.

அவன் பேசிவிட்டான் இல்லையா, அதைப் பிடித்துக்கொள். குரல் எப்படி இருந்தது, எதற்குப் பல்லைக் கேட்டான் என்றெல்லாம் தோண்டாதே. மகளின் பல்லைக் கேட்டான், அவ்வளவுதான். அப்பன் கேட்கமாட்டானா?

கதை கட்டுவதை நினைத்துச் சிரித்தேன் என்று சொன்னால் திட்டுவாயா? அந்தத் தம்பிக்கு என்ன பெயர் வைத்தாய்? ஆனால் ஜாக்கிரதை. கடைசியில் நாற்பத்தோராம் அத்தியாயம் என்று ஒன்று இருக்கிறது. அதை எந்த மழையாலும் அணைக்க முடியாது. அதற்கு முன்பே ஏதாவது சொல்லிப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிடு.

மாமா உன்னை விசாரித்தார். சாப்பிடு.

ஷோபா


திருப்பதி,
22.10.2025

அன்புள்ள அக்கா,

தீபாவளி முடிந்தது. சின்னவன் தேறிவிட்டானா? இங்கே மூவருக்கும் புதுத்துணி. மூவருக்கு மட்டும் இல்லை. அத்தை சுதீருக்கும் சட்டை எடுத்துவரச் சொல்லி, காலரில் மஞ்சள் வைத்துச் சாமி முன்னால் வைத்தாள். "வந்து போட்டுக்கட்டும். இளைச்சிருப்பான், ஒரு சைஸ் கம்மியா எடுத்திருக்கலாம்" என்றாள். எதற்கு இளைக்க வேண்டும் என்று கேட்டேன். "கப்பல் சோறு" என்றாள்.

சட்டைக்கு மஞ்சள் வைத்த அன்றே ரகு கூப்பிட்டார். கப்பலில் ஏதோ தகராறு, துப்பாக்கி வெடித்திருக்கிறது. நம் ஆட்களில் ஒருவருக்கு அடி. யார் என்று கேட்டேன். தெரியவில்லையாம். "எந்த நாட்டுக்காரர் என்றாவது தெரியுமா?" என்றேன். அதுவும் தெரியவில்லையாம். "நல்லதே நினைங்கம்மா" என்றார். வெளியே தெரு முழுக்க வெடி வெடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் என் உடம்பு தூக்கிப் போட்டது. ரோஜா, "அம்மாக்கு பயம்" என்று கைதட்டிச் சிரித்தாள்.

கப்பலில் இருபத்தொரு பேர் இருக்கிறார்கள். அது அவனாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டால், இன்னொருத்தி புருஷனாக இருக்கட்டும் என்று வேண்டியதாகிறது. வேண்டிக்கொண்டேன் அக்கா. இருபது பேரில் யாராவது என்று வேண்டிக்கொண்டேன்.

அத்தை இப்போது கதையில் கேள்வி கேட்கிறாள். முன்பெல்லாம் ராஜாவைத் திட்டுவதோடு சரி: "இந்தாளுக்கு வேற வேலையே இல்லையா, எப்பப் பாரு கப்பல்ல போய்க்கினு." நேற்று, "புடிச்சிக்கினு போனவங்களுக்குச் சோறு யாரு போடறது?" என்றாள். புத்தகத்தில் அது இல்லை என்றேன். "எழுதறவனுக்கு அது தோணல பாரு" என்றாள். அப்புறம், "தாய்க்காரிங்களுக்கு எப்பிடித் தெரியும், உசுரோட இருக்கறாங்கன்னு?" என்றாள். தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.

முப்பத்தெட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறோம். திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொன்னேன். "முடிக்காத குடுத்தா கதைக்காரன் சும்மா விடுவானா?" என்கிறாள். கண்வலி என்று இரண்டு நாள் தள்ளியிருக்கிறேன்.

உடனே எழுது.

யாமினி


திருப்பதி,
28.10.2025

ஷோபாவுக்கு அம்சவேணி ஆசீர்வாதம்.

நீ நல்லா இருக்கியா, உன் வூட்டுக்காரர் தணிகைவேல் தம்பி, பசங்க நல்லா இருக்கறாங்களா. எனக்குத் தமிழ் எழுத வராது. தெலுங்கு எழுத்துல நம்ப பேச்சை எழுதறேன். நீ ஆந்திராவுல உத்யோகம் பண்றவ, படிச்சிக்குவ. ரோஜா நோட்டுல நடுப்பக்கம் கிழிச்சேன். இதுக்குப் பதில் போடாத. போட்டா அவ பார்ப்பா. கோவிந்தராஜ சாமி கோயிலுக்குன்னு சொல்லிட்டு நானே வந்து பெட்டியில போடறேன்.

என் புள்ள கப்பலைப் புடிச்சிட்டாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.

எப்பிடின்னு கேப்ப. மொத புஸ்தகத்துல பக்கத்துக்கு ஒரு தலை உருண்டுது. ரெண்டாவதுல கப்பல் ஏறினதுல இருந்து ஒருத்தனுக்கும் முள்ளு கூடக் குத்தல. சண்டைன்னா மழை. தீ வெச்சா மழை. அவ்ளோ பெரிய சமுத்திரத்துல ஒருத்தன் கால் வழுக்கி விழ மாட்டேங்கறான். இந்தப் பொண்ணு பொய்யா படிக்குதுன்னு பார்த்துக்கினே இருந்தேன். தாளைப் பொரட்டறப்ப மூணு நாலா பொரட்டறா. கப்பல் மேல அவளுக்கு ஏன் இவ்ளோ பயம் வந்துதுன்னு நெனச்சேன். நெனச்ச ஒடனே சுதீர் கப்பல் ஞாபகம் வந்துது. பக்கத்து வீட்டுப் போனுல புத்தூர் சீனுவைக் கூப்பிட்டேன், முன்னாடி சுதீரோட கப்பல்ல வேலை பார்த்தவன். அவனுக்குப் பொய் சொல்ல வராது. அழுதுட்டான்.

நெஞ்சு ஒண்ணும் ஆவல. மாத்திரை போட்டுக்கினேன், சாமி முன்னாடி படுத்துக்கினேன், எழுந்துட்டேன். டாக்டருக்கு இன்னா தெரியும்.

அவகிட்ட நான் சொல்லல. எனக்காகத்தான் அவ நிமிந்து நிக்கறா. எனக்குத் தெரிஞ்சுபோச்சின்னா விழுந்துடுவாளோன்னு பயம். ஆனா இப்ப இருக்கறதும் நல்லா இல்ல. ரெண்டு வாய் சோறு துன்னுட்டுக் கையைக் கழுவறா. பாத்ரூமுல தண்ணியைத் தொறந்துவுட்டு அழுவறா. தண்ணி பில்லு ஏறுதுன்னு திட்டலாம்னு பார்த்தேன், மனசு வரல. தீபாவளிக்கு அப்பறம் இன்னும் மோசம். புதுசா எதோ சேதி வந்திருக்குது. அது இன்னான்னு எனக்குத் தெரியல. அதுதான் எனக்கு இப்போ பெரிய பயம்.

நீ அக்கா. இன்னா பண்ணணும்னு உனக்குத் தெரியும். நான் எழுதினேன்னு மட்டும் சொல்லாத.

ஒண்ணு கேக்கறேன். நீ அந்த புஸ்தகத்தைப் படிச்சிருப்ப. நெஜமா அதுல அந்தக் கப்பலுங்க இன்னா ஆவுது?

அம்சவேணி


சித்தூர்,
14.11.2025

அன்புள்ள யாமினிக்கு,

எல்லோரும் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எழுதி எழுதிக் கிழித்தேன். சின்னவன் பள்ளிக்கூடம் போகிறான். இங்கே மழை. நூலகத்தில் தமிழ் அலமாரிக்கு மேலே ஒழுகுகிறது. புத்தகங்களை இறக்கி நாற்காலிகளில் அடுக்கியிருக்கிறோம்.

கண்வலி என்று தள்ளியது போதும். நாற்பத்தோராம் அத்தியாயத்தை எடு. உள்ளது உள்ளபடி படி. ஒரு வரியும் விடாதே. மழை வேண்டாம்.

ஏன் என்று கேட்காதே.

அடிபட்டவரைப் பற்றித் தகவல் வந்ததா?

ஷோபா


திருப்பதி,
17.11.2025

அக்கா,

நலமா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மூன்று வாரம் பேசாமல் இருந்துவிட்டு எழுதுகிற கடிதமா இது? நீதானே திருப்பி அனுப்பச் சொன்னாய்? எந்த மழையாலும் அணைக்க முடியாது என்று சொன்னவள் நீதானே? முப்பத்தொன்பதையும் நாற்பதையும் மழை போட்டுக் கடத்திவிட்டு, மறுபடி கண்வலி என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன். அந்த அத்தியாயத்தை மனசுக்குள் இரண்டு முறை படித்துவிட்டேன். அதை உரக்கப் படிக்க எனக்கு வாய் வராது. அதைக் கேட்டு அத்தைக்கு ஏதாவது ஆனால் சுதீர் வந்து என்னைத்தான் கேட்பான். வந்தால்.

தகவல் இல்லை. இருபத்தெட்டு நாளாக இல்லை.

உனக்கு ஏதோ தெரியும். மாமாவின் கப்பல்காரர் ஏதாவது சொன்னாரா? அடிபட்டது யார் என்று உனக்குத் தெரிந்துவிட்டதா? அதற்கு என்னைத் தயார்ப்படுத்துகிறாயா? அப்படியென்றால் நேராகச் சொல்லிவிடு. இந்தக் கடிதத்துக்குப் பதில் வருகிற மூன்று நாளும் நான் எப்படி இருப்பேன் என்று நினைத்துப் பார்.

யாமினி


சித்தூர்,
19.11.2025

யாமினி,

சுதீரைப் பற்றி உனக்குத் தெரிந்ததற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. சின்னவன்மேல் ஆணை.

உன் மாமியார் நாம் நினைத்ததைவிடத் திடமான மனுஷி. இதற்கு மேல் எழுதினால் கொடுத்த வாக்கை மீறினவள் ஆவேன். படி.

ஷோபா


திருப்பதி,
3.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் ரோஜாவும் அத்தையும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தில் வாக்கு என்ற சொல்லைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. யாருக்குக் கொடுத்திருப்பாய்? கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் அவளிடம் எதையும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

படித்தேன். ராஜாவின் கப்பல் தப்பிக்கிறது. பின்னால் வந்த மூன்று கப்பல்களைக் காற்று பிரித்துவிடுகிறது; எதிரிகள் வளைத்துக்கொள்கிறார்கள். ஒன்றை இழுத்துப் போகிறார்கள். இரண்டை நடுக்கடலில் கொளுத்துகிறார்கள். ஐந்து பக்கம் எரிகிறது. நடுவில் நிறுத்திவிட்டேன். அத்தை சொம்பை நீட்டினாள். "படி" என்றாள். கடைசியில் ராஜா வென்று ஊர் திரும்புகிறான். அவன் பட்டப்பெயர்களே அரைப் பக்கத்துக்கு வருகின்றன. அத்தியாயம் முடிந்தது.

"எரிஞ்சதுல எத்தினி பேரு?" என்றாள்.

"இருநூறு பேர்னு போட்டிருக்குது அத்தை."

"பேரு?"

"பேரெல்லாம் போடல."

"ராஜாவுக்கு மட்டும் அவ்ளோ பேரு." கட்டில் சட்டத்தைத் தடவினாள். "நம்ப கப்பல்ல எத்தினி பேரு?"

புத்தகத்தை மூடினேன். "இருபத்தொண்ணு."

"அவுங்க பேராவது தெரியுமா உனக்கு?"

தெரியும். ரகு அனுப்பிய பட்டியல் மூன்று மாதமாக என் போனில் இருக்கிறது. பார்க்காமலே சொன்னேன். கேப்டன் ஜெயபிரகாஷ், தூத்துக்குடி. யஸ்வந்த், காக்கிநாடா. மணிவேல், கடலூர். ரொமெல், பிலிப்பைன்ஸ். ஒவ்வொரு பெயரையும் அத்தை திருப்பிச் சொன்னாள். ரொமெல் வரவில்லை அவளுக்கு. "ரோமால்" என்றாள். "அவன் இன்னா வேலை?" சமையல் என்றேன். "அப்போ சுதீருக்குச் சோறு போடறவன்" என்றாள். மறுபடி இரண்டு முறை சொல்லிப் பழகிக்கொண்டாள். பதினான்காவது சுதீர். அந்தப் பெயரில் நான் நின்றுவிட்டேன். அவளே சொன்னாள். பிறகு மீதி ஏழு பேர்.

துப்பாக்கி வெடித்ததையும் சொன்னேன். யாருக்கென்று தெரியாது என்றேன். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, "இம்மாம் பெரிசை நீ ஒருத்தி தூக்கிக்கினு இருந்தியா, லூசு" என்றாள்.

அது போன மாதம் இருபத்திரண்டாம் தேதி. அதற்குப் பிறகு போன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கட்டில்மேலேயே கிடக்கிறது. அடித்தால் இரண்டு பேரும் திடுக்கிடுகிறோம். பயம் குறையவில்லை அக்கா. பங்கு போட்டால் பாதியாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. ஆனால் குழாயைத் திறக்க வேண்டியதில்லை.

நேற்று பத்தரை மணிக்கு ரகு. ஸ்பீக்கரில் போட்டேன். "அம்மா, அந்த அடிபட்டவர் தவறிட்டார். நீங்க பயப்படாதீங்க, உங்க வீட்டுக்காரர் இல்ல. பேச்சுவார்த்தை கடைசிக் கட்டத்துல இருக்குது" என்றார்.

நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். உங்கள் வீட்டுக்காரர் இல்லை. அந்த மூன்று சொல்லைக் கேட்கத்தானே இத்தனை நாள்.

அத்தை போன் பக்கம் குனிந்து, "பேரு சொல்லுப்பா" என்றாள்.

"உங்களுக்குத் தெரியாதவர்மா. வெளிநாட்டுக்காரர்."

"பேரு சொல்லு."

காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "ரொமெல்னு போட்டிருக்கு."

அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தீபாவளியன்று நான் வேண்டிக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது. இருபது பேரில் யாராவது என்று சொன்னேனே, அந்த யாராவது இவன்தான். இதை அத்தையிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

"அவனுக்கு அம்மா இருக்கறாளா?" என்று கேட்டாள் அத்தை. இந்த முறை பெயரைச் சரியாகச் சொன்னாள். "ரொமெலுக்கு அம்மா இருக்கறாளா? அவளுக்குச் சொல்லிட்டீங்களா?"

ரகுவுக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

இன்று ரகுவை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். மூன்றாவது முறை கூப்பிட நம்பரைப் போட்டுத் தரச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். இத்துடன் நிறுத்துகிறேன்.

உன்
யாமினி